முதல் காலடிகளின் பாரம்

கண்டி வீதியால் போகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டியில் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். பயணிகள் கச்சான் வாங்குவார்கள். பஸ், வான், லொறி, மோட்டார் சைக்கிள் என்று பகலும் இரவும் சனம் வந்து இறங்கிப் போகும் இடம் அது. கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புல் இல்லை. மண் இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. நாளைக்கு இரண்டு மடங்கு சனம் வந்து இறங்கினாலும் அந்த நிலத்தில் புதிதாக ஒரு மாற்றமும் தெரியப் போவதில்லை.

அங்கிருந்து வடக்கே வந்து, பரந்தனில் கிழக்கே திரும்பி, தர்மபுரத்துக்கு வடக்கே போனால் சுண்டிக்குளம் களப்பு. மாரி முடிந்து நீர் வற்றத் தொடங்கியதும் களப்பின் ஓரமெல்லாம் சேற்றுவெளியாகவும் உப்புவெளியாகவும் வெளிப்படும். அந்த வெளியில் ஒரேயொரு வாகனம் இறங்கி ஓடிவிட்டுப் போகட்டும். அதன் சில்லுத் தடம் அடுத்த மாரி வரைக்கும் அப்படியே கிடக்கும். சில இடங்களில் மாரி வந்து போன பிறகும் அந்தக் கோடு தெரியும்.

ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தும் மேலும் கெடாத நிலம் அங்கே. ஒரு சில்லு உருண்டதுமே உருமாறும் நிலம் இங்கே. இரண்டும் ஒரே வன்னியின் மண்தான். வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

சுற்றுலாத்தலங்களைக் கெடாமல் காப்பது பற்றிப் பேச்செடுத்தால், "ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஆள் கூடினால் கேடு கூடும், ஆள் குறைந்தால் கேடு குறையும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பத்துப் பேர் செய்யும் கேட்டைப்போல நூறு பேர் பத்து மடங்கு செய்வார்கள் என்று நம்புகிறோம். முறிகண்டி மண்ணும் சுண்டிக்குளம் சேறும் இந்த நம்பிக்கைக்கு நேரெதிராகச் சாட்சி சொல்கின்றன.

மண் என்று நாம் சொல்வதில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். நல்ல தோட்டத்து மண்ணை ஒரு மண்வெட்டி அள்ளினால் அதில் மணலும் களியும் மட்கும் பாதிதான். மீதிப் பாதி, துகள்களுக்கு இடையேயுள்ள சிறு சிறு இடைவெளிகள். மண்ணியலாளர் இவற்றை 'துளைவெளி' என்பர். காற்று தங்குவதும், மழைநீர் இறங்குவதும், வேர் நுனி வழி கண்டுபிடிப்பதும், மண்புழுவும் நுண்ணுயிரும் வாழ்வதும் இந்த வெற்றிடத்தில்தான். மண்ணின் உயிர் அதன் இல்லாத பகுதியில் இருக்கிறது என்று கூடச் சொல்லலாம்.

ஒரு கால் மிதிக்கும்போது பெரிய இடைவெளிகள் முதலில் இடிந்து விழுகின்றன. அடுத்த மிதியில் அதைவிடச் சிறியவை. சில நூறு மிதிகளுக்குப் பிறகு இடிந்து விழுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. துகள் துகளோடு நெருங்கிப் பூட்டிக்கொண்டுவிடும். அதன் பிறகு ஐந்நூறு பேர் நடந்தாலென்ன, ஐயாயிரம் பேர் நடந்தாலென்ன! முறிகண்டி மண் வலிமையானது என்று இதற்குப் பொருளில்லை. அந்த மண்ணுக்கு நேரக்கூடிய கேடு முழுவதும் எப்போதோ நேர்ந்து முடிந்துவிட்டது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மனிதர் நடமாட்டம் இயற்கையை என்ன செய்கிறது என்று ஆராயும் ஒரு துறையே இருக்கிறது. தமிழில் அதை 'வருகைச் சூழலியல்' என்று அழைக்கலாம். இந்தத் துறையினர் பெரிய கருவிகள் எதையும் நம்பியிருக்கவில்லை. அமெரிக்காவின் டேவிட் கோல், ஸ்கொட்லாந்தின் நீல் பேஃபீல்ட் ஆகிய இருவர் 1993இல் ஒரு பொதுச் சோதனைமுறையை வெளியிட்டனர். யாரும் நடந்திராத இடத்தில், அரை மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் கொண்ட ஒழுங்கைகளை அருகருகே கயிறு கட்டிக் குறிக்க வேண்டும். ஒன்றைத் தொடாமல் விட வேண்டும். மற்றவற்றில் ஒன்றில் 25 தடவை, ஒன்றில் 75 தடவை, ஒன்றில் 200 தடவை, ஒன்றில் 500 தடவை நடக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் ஓராண்டு கழித்தும் வந்து, எவ்வளவு நிலத்தைச் செடி மூடியிருக்கிறது, எவ்வளவு வெறுந்தரையாகிவிட்டது என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான். எண்ணத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய சோதனை. எல்லோரும் ஒரே முறையில் செய்வதால் ஒரு நாட்டு மலைப்புல்லையும் இன்னொரு நாட்டுக் கடற்கரைச் செடியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பல நாடுகளில், பல வகைச் செடிகளில் இதைச் செய்து பார்த்தபோது திரும்பத் திரும்பத் தெரியவந்த வடிவம் ஒன்றுதான். மிதிகளின் எண்ணிக்கையைக் கீழேயும் கேட்டின் அளவைப் பக்கவாட்டிலும் வைத்துக் கோடு வரைந்தால், அது முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு வளைந்து படுத்துவிடும். நிழலில் வளரும் மென்மையான அகன்ற இலைச் செடிகள் நூறு நடைக்குள்ளேயே பாதி அழிந்துபோகின்றன. தரையோடு படரும் கெட்டியான புல் பல நூறு நடைகளைத் தாங்குகிறது. ஏறும் வேகம் செடிக்குச் செடி வேறுபடும். முதலில் ஏறிப் பிறகு படுக்கும் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை.

இங்கே இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிதிபடும்போது கெடாமல் நிற்பது ஒரு குணம், அதை 'தாங்குதிறன்' எனலாம். கெட்டபின் பழைய நிலைக்கு வருவது வேறு குணம், அது 'மீள்திறன்'. நம் முற்றத்து அறுகுக்கு இரண்டுமே உண்டு. சுண்டிக்குளத்து உப்புவெளிக்கோ இரண்டும் குறைவு. அங்கே வளரும் உமரி, நீர் நிறைந்த கணுக்களைக் கொண்ட செடி, காலடியில் நொறுங்கிவிடும். செடியே இல்லாத இடத்தில் கூட, மண்ணின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்பாசிப் படலம் ஒன்று துகள்களைப் பிணைத்து வைத்திருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது மேலேறி வரும் உப்பு அதன்மேல் ஒரு பொருக்காகிறது. சில்லு ஏறினால் படலமும் பொருக்கும் உடைந்து, காய்ந்த துகள்கள் காற்றோடு போய்விடும். கீழேயுள்ள ஈரச் சேறு பிதுங்கிப் பள்ளமாகும். அடுத்த மழையில் நீர் அந்தப் பள்ளத்து வழியே வடியத் தொடங்கும். பள்ளத்தைப் பார்த்த அடுத்த சாரதி, புதைந்துவிடுவோம் என்று பயந்து பக்கத்தில் ஒரு புதுத் தடம் போடுவார். உண்மையான இழப்பு தொடங்குவது அந்தப் புதுத் தடத்தில்.

ஆயிரம் பேர் ஒரே பாதையில் நடந்தால் ஒரு பாதை கெடும். அதே ஆயிரம் பேரை இருபது இருபதாகப் பிரித்து ஐம்பது வழிகளில் விட்டால் ஐம்பது வழிகளிலும் கேடு தொடங்கும், மொத்தக் கேடு அந்த ஒரு பாதையின் கேட்டை மிஞ்சிவிடும். கூட்டத்தைப் பரவலாக்கிவிட்டால் நிலத்துக்குச் சுமை குறையும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. மிதிபடாத நிலத்தில் அது மிக மோசமான அறிவுரை. ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற மலைவிளிம்பைப் பார்க்கப் போகிற எல்லோரும் ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நீளமான ஒரே சுற்றுப்பாதையில் நடக்கிறார்கள். அந்தப் பாதை தேய்ந்துதான் கிடக்கிறது. அது தேய்வதால்தான் அதற்கு இரண்டு பக்கமும் உள்ள புல்வெளி தேயாமல் இருக்கிறது.

குப்பைக்கு இந்த விதி பொருந்தாது. பத்துப் பேர் எறியும் பொலித்தீனைப்போல நூறு பேர் எறிவது பத்து மடங்குதான். அங்கே கோடு வளையாமல் நேராகவே ஏறும். ஹோட்டன் சமவெளி வாசலில் போத்தலைச் சுற்றியிருக்கும் லேபலைக் கூட உரித்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுவதற்குக் காரணம் இதுதான்.

பறவையின் கணக்கு இவை இரண்டிலிருந்தும் வேறு. சுண்டிக்குளத்துக்கு ஆட்கள் வருவதே பறவை பார்க்கத்தான் என்பதால் இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கரையிலிருந்து பூநாரைக் கூட்டம் ஒன்றை நோக்கி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் பத்தடி வைத்தால் அவை பத்தடி விலகும். இன்னும் நெருங்கினால் கூட்டமே எழுந்துவிடும். எவ்வளவு தூரத்தில் எழுகின்றன என்பதை உலகெங்கும் அளந்திருக்கிறார்கள். இதற்கும் பெரிய கருவி வேண்டாம். ஒருவர் சீரான வேகத்தில் பறவையை நோக்கி நடப்பார். அது கிளம்பும் கணத்தில் தான் நிற்கும் இடத்தில் ஒரு அடையாளத்தைப் போட்டுவிட்டு, பறவை இருந்த இடம் வரைக்கும் தூரத்தை அளப்பார். இதை 'வெருள் தூரம்' என்று சொல்வோம். வெருளுதல் நம் பேச்சில் உயிரோடிருக்கும் சொல், ஆகவே புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. இப்படித் திரட்டிய அளவுகளில் பொதுவாகச் சில போக்குகள் தெரிகின்றன. பெரிய பறவைகள் சிறியவற்றைவிடத் தூரத்திலேயே வெருளுகின்றன. வேட்டை நடக்கும் இடங்களில் தூரம் கூடுகிறது. தினமும் ஒரே தடத்தில், ஒரே விதமாக வந்து போகிற ஆளை, எப்போதாவது எங்கிருந்தோ தோன்றுகிறவரைவிடப் பறவைகள் குறைவாகப் பொருட்படுத்துகின்றன.

ஆனால் வெருள் தூரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இரண்டு ஆய்வுகள் வருகின்றன.

முதலாவது அந்தாட்டிக்காவில் நடந்தது. அடைகாக்கும் பென்குவின்களின் கூட்டில், உள்ளே இதயத்துடிப்பை உணரும் கருவி பொருத்திய செயற்கை முட்டையை வைத்தார்கள். மனிதர் நெருங்கும்போது பறவை கூட்டை விட்டு எழாமல், அசையாமல் இருந்தாலும், சில சமயம் அதன் இதயம் வேகமெடுத்ததை முட்டை காட்டிக்கொடுத்தது. மனிதர் எப்படி நெருங்கினார் என்பதைப் பொறுத்தும் அது மாறியது. வெளியே அமைதியாகத் தெரியும் பறவை உள்ளுக்குள் பதறிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் நடந்தது. கல்திருப்பி உள்ளான்கள் இரை தேடும் இடங்களில் ஆய்வாளர் இருவர், சில பறவைகளுக்கு மட்டும் சில நாட்கள் கூடுதல் உணவு போட்டார்கள். பிறகு இரு சாராரையும் நோக்கி நடந்து பார்த்தார்கள். வயிறு நிறையத் தின்ற பறவைகள்தான் தூரத்திலேயே எழுந்து பறந்தன. பசித்தவை ஆளை அருகே வரவிட்டன. 2004இல் வெளியான இந்த முடிவு நம் பொது அறிவைத் தலைகீழாக்குகிறது. பறக்காமல் இருக்கும் பறவைக்கு நம்மால் தொல்லையில்லை என்று நினைக்கிறோம். போக வேறு இடமில்லாததாலும், ஒரு நிமிட உணவைக் கூட இழக்க முடியாததாலும் அது அங்கே நின்றுகொண்டிருக்கலாம். "இங்கே பறவைகள் பயமில்லாமல் கிட்ட நிற்கின்றன" என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால் அந்தப் பறவைகளை நினைத்துக் கவலைப்பட வேண்டும்.

ஒரு தடவை எழுந்து பறந்தால் என்ன குறைந்துவிடும்? பறப்பது பறவை செய்யும் வேலைகளிலேயே மிகவும் செலவு கூடியது, ஓய்வாக இருப்பதைவிடப் பல மடங்கு ஆற்றலை விழுங்கும். சுண்டிக்குளத்துக்கு மாரியோடு வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் மூக்கனும் உள்ளானும் மத்திய ஆசிய வலசைப்பாதையின் தென்கோடியை வந்தடைந்த பறவைகள். 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹியூக்ளின் கடற்காகங்கள் சிலவற்றின் மீது இடங்காட்டும் கருவியைப் பொருத்திவிட்டார்கள். அவற்றுள் 'மேகா' என்று பெயரிடப்பட்ட பறவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் குடாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியொரு பயணத்துக்குப் பறவை புறப்படுவது தோலுக்கடியில் சேர்த்துவைத்த கொழுப்பை நம்பித்தான். மாசி பங்குனியில் அது தின்னும் ஒவ்வொரு புழுவும் கூனியும் வழியில் எரிவதற்காகச் சேர்கிறது. அந்தக் கொழுப்பு வன்னிக் கமக்காரர் வீட்டு விதைநெல் மாதிரி. ஒரு கொத்து எடுத்துச் சமைத்தால் அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. விதைக்கிற நாளில்தான் தெரியும், அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. களப்பில் வெருட்டப்பட்ட பறவையின் இழப்பும் சுண்டிக்குளத்தில் நம் கண்ணுக்குத் தெரியாது. அது தெரிவது பல நாடுகளுக்கு அப்பால்.

எத்தனை தடவை வெருட்டினால் அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாததாகும்? பிரான்சின் சொம் ஆற்று முகத்துவாரத்தில் சிப்பிபிடிப்பான் என்ற கரைப்பறவையைக் கொண்டு இதற்கு ஒரு விடை கண்டார்கள். பறவை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தின்னும், எவ்வளவு எரிக்கும் என்ற கள அளவுகளைக் கணினி மாதிரியில் இட்டுப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவு இது: உணவு தாராளமாக உள்ள குளிர்காலத்தில் மணிக்கு ஒரு தடவையிலிருந்து ஒன்றரைத் தடவை வரை வெருட்டப்பட்டாலும் அவை சமாளித்துவிடும். உணவு குறைந்த குளிர்காலத்தில் மணிக்கு அரைத் தடவைக்கு மேல் தாங்க மாட்டா. ஒரே பறவை, ஒரே இடம், ஒரே அளவு ஆட்கள். ஓராண்டில் ஒரு கேடுமில்லை, மறு ஆண்டில் சாவு கூடுகிறது.

இந்தக் கோடு, மண்ணின் கோட்டுக்கு நேர்மாறானது. தொடக்கத்தில் படுத்துக் கிடந்து, ஒரு எல்லையைத் தாண்டியதும் ஏறுகிறது. எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை, நீரோடும் உணவோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுண்டிக்குளம் களப்புக்கு நன்னீர் கொண்டுவருவது இரணைமடுக் குளத்தைத் தாண்டி வரும் கனகராயன் ஆறும் சில சிற்றாறுகளும். எந்த ஆண்டில் எவ்வளவு நீர் வந்தது, எந்த மாதத்தில் வற்றியது என்பதைப் பொறுத்து உப்பும் ஆழமும் மாறும், அதோடு பறவையின் சாப்பாடும் மாறும். ஆகவே "ஒரு நாளைக்கு இத்தனை பேர்" என்று பலகையில் எழுதி வைக்கும் நிரந்தர எண் ஒன்று சுண்டிக்குளத்துக்கு இருக்கவே முடியாது.

'தாங்குகொள்ளளவு' என்ற அந்த எண்ணைத் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேய்ச்சல் தரையில் எத்தனை மாடு விடலாம் என்ற கணக்கிலிருந்து. மேய்ச்சல் தரைக்குப் போராடிக்கொண்டிருக்கும் வன்னிப் பண்ணையாளருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் மாடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி மேயும். மனிதர் அப்படியில்லை. தொலைநோக்கியோடு இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கும் நாற்பது பேரைவிட, ட்ரோன் பறக்கவிடும் ஒருவர் களப்பை அதிகமாகக் கலக்கிவிடுவார்.

கலாபகோஸ் தீவுகளில் 1970களில் ஆண்டுக்கு 12,000 பேர் என்று எல்லை வகுத்தார்கள். பிறகு அதை 25,000 ஆக்கினார்கள். பின்னாளில் ஆண்டு வருகை இரண்டு இலட்சத்தையும் தாண்டியது. எண் தோற்றுப்போனது. ஆனால் அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பூங்காவுக்குள் குறித்த இடங்களில்தான் கரையிறங்கலாம், குறித்த பாதையில்தான் நடக்கலாம், ஒரு வழிகாட்டியோடு 16 பேருக்கு மேல் போக முடியாது. இவ்வளவு சனம் போயும் பறவைகளும் இகுவானாக்களும் பாதை ஓரத்திலேயே வாழ்வதற்கு இந்த ஏற்பாடு முக்கிய காரணம்.

எண்ணைத் துரத்துவதில் சலித்துப்போன அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1985இல் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் வரலாம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்கத் தயார் என்று கேட்டார்கள். இதை 'ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை' என்பர். எந்த அடையாளத்தை அளப்பது, அது எந்த அளவைத் தொட்டதும் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். பாதை இரண்டடி அகலத்தைத் தாண்டினால் வேலி, கரைக்கு அருகே மேயும் பறவைகள் இத்தனை நாள் தொடர்ந்து காணப்படாவிட்டால் அந்தக் கரை மூடல் என்பது போல. யால பூங்காவில் சிறுத்தையைக் கண்டதும் ஜீப்புகள் மொய்க்கும் காட்சியை அறியாதவர் இல்லை. அங்கே வாகனங்கள் தடத்தில்தான் நிற்கின்றன, மண்ணுக்குப் பெரிய கேடில்லை, விலங்குக்குத்தான் கேடு. மண்ணுக்கான அடையாளத்தை மட்டும் அளந்தால் யால நலமாக இருப்பதாகத் தெரியும். எதை அளக்கிறோம் என்பதில் பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

எங்கே என்பதைப் போலவே எப்போது என்பதும் எண்ணிக்கையை மிஞ்சிவிடும். நந்திக்கடல் கரையிலுள்ள வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குச் சேரும் சனத்தை நினைத்துப் பாருங்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்தக் கடல்நீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குப் பண்டம் கொண்டுபோவது மரபு. வன்னியில் ஓரிடத்தில் ஒரே நாளில் இவ்வளவு பேர் கூடுவது அரிது. ஆனால் வைகாசி பிறக்கும்போது வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே புறப்பட்டிருக்கும். கூட்டம் நிற்பது காலம் காலமாக மிதிபட்டு இறுகிய கோயில் நிலத்தில், போவது வழக்கமான பாதையில். களப்பின் உயிர்களைப் பொறுத்தவரை, பங்குனி மாதத்து விடியற்காலையில் சேற்றுவெளிக்குள் இறங்கி நடக்கும் ஐந்து புகைப்படக்காரர்கள் இந்தப் பெருங்கூட்டத்தைவிடப் பாரமானவர்கள்.

வலசைப் பறவை போய்விட்டதும் களப்பு வெறுமையாகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் உப்புவெளிகளிலேயே ஆண்டு முழுதும் வாழ்ந்து, வெறுந்தரையில் முட்டையிடும் சின்ன உப்புக்கொத்தி ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் இன்னொரு உப்புக்கொத்தியின் வகை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மன்னாரில் நடந்த கள ஆய்வின் துணையோடு 2023இல் அது தனி இனம் என்று காட்டப்பட்டது. ஹனுமான் உப்புக்கொத்தி என்பது அதன் பெயர். முட்டை மணல் நிறத்தில் இருக்கும், நிற்பவரின் காலடியில் கிடந்தாலும் தெரியாது. நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை எழுந்து நீண்ட நேரம் திரும்பாவிட்டால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோகும். ஆகவே கோடையில் பறவை இல்லை, வாகனத்தை எங்கும் விடலாம் என்ற எண்ணமும் தவறு.

வற்றாப்பளை மரபில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தப் பண்பாட்டுச் செல்வம் கோயில் கட்டடத்துக்குள் மட்டும் இல்லை. எந்த வழியால் போவது, எந்த நாளில் போவது, யார் பொறுப்பில் போவது என்பதில்தான் அது உயிரோடிருக்கிறது. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் அப்படியே. விடிய விடிய ஆடும் கூத்தை விருந்தினர் வசதிக்காக அரை மணி நேரமாக்கினால், மிஞ்சுவது உடுப்பும் பாட்டும்தான். நிலத்தைப் போல இங்கேயும் முதல் சில விட்டுக்கொடுப்புகள்தான் வடிவத்தை மாற்றுகின்றன, பின்னால் வருபவை மாறிய வடிவத்தின் மேல் விழுகின்றன.

மிதிபடாத நிலம் என்று நான் மேலே எழுதிய சொல் வன்னியில் கனமானது. இந்த நிலத்தில் பல பகுதிகள் மிதிபடாமல் கிடந்தது மனிதர் விரும்பி ஒதுங்கியதால் அல்ல. இடம்பெயர்ந்ததால், உயர்பாதுகாப்பு வலயங்களால், கண்ணிவெடியால். முகமாலையிலும் ஆனையிறவிலும் வெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்த பிறகே பலர் தம் காணிக்குத் திரும்பினார்கள். அந்த வெறுமையை 'மாசுபடாத இயற்கை' என்று விளம்பரத்தில் போடுவது கொடுமை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் 19,565 ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்காவானது. நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் மக்கள் வாழ்க்கையும் இருக்கலாம். தேசியப் பூங்கா முழுவதும் அரச நிலம், அனுமதிச் சீட்டோடுதான் உள்ளே போகலாம். களப்பில் இறால் பிடித்து வாழ்ந்து, போரால் துரத்தப்பட்டு, மீண்டு வந்து பார்த்தவருக்கு எல்லைக்கல் எப்படித் தெரியும்? அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பயணியை உள்ளே விடும் ஏற்பாடு எதுவும் இங்கே நிலைக்காது.

நீதி ஒருபுறமிருக்க, அறிவியலும் மீனவர் பக்கமே நிற்கிறது. வீச்சுவலையோடு அவர்கள் நடந்து நடந்து இறுகிய தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தத் தடங்களில் மண் இழப்பதற்கு அதிகம் இல்லை. அவற்றின் வழியே வரும் ஆளுக்கும் பறவைகள் ஓரளவு பழகியிருக்கும். புதிய பாதை வெட்டாமல், பார்வைக் கோபுரத்துக்கும் வாகனத் தரிப்புக்கும் அந்தத் தடங்களின் முனையையே தெரிவு செய்தால் முதல் காலடிகளின் கேடு பெருமளவு தவிர்க்கப்படும். எந்தத் தடம் எந்த மாதத்தில் புதையும், எந்த மூலையில் பறவை எப்போது மேயும் என்பதை வரைபடத்தைவிட அவர்களே நன்கு அறிவார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அவர்கள் வீட்டுக்குப் போவதுதான் முறை.

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் அளவெடுப்பு ஒன்று பாக்கியிருக்கிறது. முதல் சில நூறு காலடிகள்தான் பெரும்பாலான மாற்றத்தைச் செய்கின்றன என்றால், சனம் வரத் தொடங்கிய பிறகு அளக்கப் போகிறவர் மாறி முடிந்த நிலத்தையே அளப்பார். மாற்றமே இல்லையென்று அறிக்கையும் எழுதுவார். ஆகவே ஆய்வாளர் 'அடிநிலை' என்று சொல்லும் தொடக்க அளவு இப்போதே எடுக்கப்பட வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. அதோடு மாசியிலும் பங்குனியிலும் உள்ளூரில் ஒரு எண்ணிக்கை சேர்க்கலாம். களப்போரத்தில் பத்து இடத்தில் கட்டை நட்டு, ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே திசையில் படம் எடுத்து வைக்கலாம். இரண்டு ஒழுங்கைகளுக்குக் கயிறு கட்டி, ஒன்றில் 25 தடவை நடந்துவிட்டு உமரி என்ன ஆகிறதென்று ஓராண்டு பார்க்கலாம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு பாடசாலையின் உயர்தர விஞ்ஞான வகுப்பு ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி, ஒரு தொலைநோக்கியோடு இதைத் தொடங்க முடியும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். நீர் வற்றுமுன், தை மாதத்துக்குள் அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.